தண்ணீர் திரும்பும் பத்து நாள்

பால் விடாத கட்டன் சாயாவைக் கையில் வாங்கினால் அவர் உடனே குடிக்க மாட்டார். கண்ணாடித் தம்ளரை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிப்பார். சட்டைப் பையில் எப்போதும் ஓர் ஈர்க்குச்சி இருக்கும். அதை விட்டு ஒரே பக்கமாக நாலு சுற்றுச் சுற்றிவிட்டு எடுத்துவிடுவார். தேயிலைத் தூள் சுழன்று சுழன்று அடியில், நட்ட நடுவில் வந்து குமியும். அது குமிந்து நின்ற பிறகுதான் முதல் மிடறு.

வைகை அணைக் கரையில் இருந்த மீன்கொட்டகையில் எல்லாருக்கும் சாயா போட்டவள் நான்தான். வடிகட்டப் பொறுமை கிடையாது. தூளோடு கொடுப்பேன். யாரும் வாய் திறந்து குறை சொன்னதில்லை, சொல்ல விட்டதும் இல்லை. இவர் ஒருத்தர் மட்டும் தினமும் தூக்கிப் பிடித்துப் பார்ப்பது எனக்குச் சுருக்கென்று இருந்தது. ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"என்னண்ணே, என் சாயாவுல புழுவா நெளியுது? அம்புட்டு நேரம் பாக்குறீக!"

"புழு இல்ல தங்கச்சி. சுத்திவிட்டா எல்லாம் ஓரத்துக்குப் போகும்னுதானே நெனைப்போம்? கனத்தது நடுவுக்கு வருது பாரு."

"வந்தா வரட்டும். சாயா ஆறிப்போகும், குடிங்க."

அப்போது அந்தப் பேச்சை அதோடு விட்டேன்.

ராமநாதபுரத்துப் பக்கம் ஏதோ கடற்கரை ஊர் அவருக்கு. அணையில் மீன் பிடிக்க ஆள் எடுத்தபோது தனியாக ஒரு பையோடு வந்து இறங்கினார். கடக்கரையார் என்றே கூப்பிட்டோம். ஐம்பதை ஒட்டிய வயது, கறுத்து வற்றிய உடம்பு. அவர் வந்தது பங்குனியில். பங்குனியில் எங்கள் பக்கம் இலை அசையாது. அணைத் தண்ணீர் தகரம் போலக் கிடக்கும். அதைப் பார்த்து அவருக்கு ஒரே நிம்மதி.

"காத்தே இல்லாத ஊராப் பாத்து வந்துட்டேன்" என்று கொட்டகையில் உட்கார்ந்து சொன்னார்.

நாங்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துச் சிரித்தோம். என் வீட்டுக்காரர்தான், "இருங்கண்ணே, ஆனி பொறக்கட்டும்" என்றார்.

ஆனி பிறந்தது. கம்பம் பள்ளத்தாக்கு முழுக்க மேகாற்று வந்து இறங்கியது. தேவாரத்துப் பக்கம் வாழைத் தோப்புகள் குப்புற விழுந்தன. ஆண்டிபட்டிக் கணவாய்ப் பக்கத்துக் காற்றாலைகள் எல்லாம் மேற்கே மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு சுற்ற ஆரம்பித்தன. அவர் கொட்டகையின் நடுக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு முழு நாளும் தண்ணீரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். சாப்பிடக் கூப்பிட்டால் எழுந்திருக்கவில்லை. "இங்கயும் வந்துருச்சே" என்று மட்டும் சொன்னார், கடன்காரனைச் சொல்வது மாதிரி.

அவரிடம் ஒரு குணம் உண்டு. தண்ணீரைப் பற்றித் தான் பார்க்காத ஒன்றைச் சொல்ல மாட்டார். "இன்னைக்கு மீன் கெடைக்குமாண்ணே?" என்றால், "பாக்கலியே." "மழை இறங்குமா?" "பாக்கலியே." ஒரு சமயம் எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி, "கடல்ல கடல்கன்னி இருக்காமே, நெசமா?" என்று கேலிக்குக் கேட்டாள். அதற்கும் சிரிக்காமல், "முப்பது வருசம் போயிருக்கேன். பாக்கலியே" என்றார். கொட்டகையே உருண்டு சிரித்தது. அதிலிருந்து கொஞ்ச நாள் அவருக்குப் 'பாக்கலியே' என்றே பெயர் ஓடியது.

ஆனால் பார்த்துவிட்டால் சொல்வார். அணையின் தென்கரையில், கரட்டுக் குன்று ஒன்றின் மறைவில் தண்ணீர் நிலத்துக்குள் வளைந்து புகுந்திருக்கும். நாங்கள் வளைவு என்போம், அவர் குடா என்பார். அந்தக் குடாவின் வாயில் ஒருமுறை எங்கள் ஆட்களுடைய வலை அறுந்து போய்விட்டது. காற்று கிழக்கே அடிக்கிறது, வலையும் கிழக்கேதானே போகும்? எல்லாரும் அணைச் சுவர் பக்கம் தேடினார்கள். அவர் பரிசலைத் திருப்பிக் குடாவுக்குள்ளே போய், நடுவில் துழாவி, கொக்கியில் வலையை இழுத்து வந்துவிட்டார்.

"எப்படிண்ணே?" என்றார் என் வீட்டுக்காரர்.

"மேத்தண்ணி காத்தோட போகும். கீழ்த்தண்ணி அதுக்கு எதுத்தாப்புல திரும்பி வரும். இந்தக் குடாவுல ஒரு பக்கம் காத்து அறையுது, ஒரு பக்கம் கரட்டு மறைவு. அறையிற பக்கம் தண்ணி உள்ள ஓடுது, மறைவுப் பக்கமா வெளிய வருது. வாய்க்கு வந்ததும் காத்து மறுபடி பிடிச்சு உள்ள தள்ளுது. செக்குமாடுதான். மெதக்கிறது கரையேறிரும். முங்குனது நடுவுல போயி உக்காந்துக்கிரும்."

"உங்க கடல்லயும் இப்படித்தானா?"

"எங்க கடலே ஒரு பெரிய குடாதானே தம்பி. கச்சான்னு சொல்ற மேகாத்துக்கு ஆறு மாசம் ஒரு பக்கமாச் சுத்தும். வாடை வந்தா மறுபக்கம். நடுவுல மாறுற பத்து நாளு இருக்கே, அப்பத் தண்ணிக்கே என்ன செய்யன்னு தெரியாது. நின்னு தடுமாறும். பிடிச்சு வச்சத எல்லாம் அப்பத்தான் கொடுக்கும்."

என் வீட்டுக்காரருக்கு அந்தப் பேச்சு ரொம்பப் பிடித்துப்போனது. அன்று ராத்திரிச் சோற்றுக்கு ஊற்றிய ரசத்தைக் கூட வட்டிலில் சுற்றிவிட்டுப் பார்த்தார். "கிறுக்குப் பிடிச்சிருச்சா?" என்று திட்டினேன்.

அடுத்த ஆடியில், முற்பகல் வேளையில், என் வீட்டுக்காரர் குடாவின் வாய்ப்பக்கம் தனியாக வலை எடுக்கப் போனார். கரையில் ஆடு மேய்த்த பெண் பார்த்திருக்கிறாள். குனிந்து தூக்கு வாளியை எடுத்து அவள் நிமிரும்போது பரிசலும் இல்லை, ஆளும் இல்லை. மத்தியானத்துக்குள் பரிசல் கவிழ்ந்தபடி அணைச் சுவரோரம் ஒதுங்கியது. துண்டும் அங்கேயே ஒதுங்கியது. ஆள் ஒதுங்கவில்லை.

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. தண்ணீரில் போனவரைத் தேட, வாழை மட்டையில் தட்டு வைத்துச் சூடம் கொளுத்தி, குலசாமியை நினைத்து மிதக்க விடுவோம். தட்டு எங்கே போய் நிற்கிறதோ அங்கே ஆள் இருப்பார் என்பது நம்பிக்கை. நான்தான் விட்டேன். என் கையால் விட்டேன். தட்டு ஆடி ஆடி நேராகக் கிழக்கே போய் அணைச் சுவரோரம் நின்றது. பரிசலும் அங்கே, துண்டும் அங்கே, தட்டும் அங்கே. பிறகு என்ன சந்தேகம்? தேட வந்த தீயணைப்பு ஆட்களிடம் நாங்களே அந்த இடத்தைக் காட்டினோம்.

கடக்கரையார் என் பக்கத்தில் வந்து நின்றார். மெதுவாகச் சொன்னார்.

"தங்கச்சி, தட்டு காத்தோட போயிருக்கு. ஆளு அங்கன இல்ல. குடாவுக்குள்ள பாக்கச் சொல்லு."

ஊரே கூடி நிற்கிறது. சாமி காட்டியதை வெளியூர்க்காரர் ஒருத்தர் தப்பு என்கிறார். எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது.

"எங்க சாமி காட்டுறத நீங்க பழிக்காதீக. இது உங்க கடலு இல்ல."

அவர் பின்னால் நகர்ந்துகொண்டார். இரண்டு நாள் சுவரோரமே தேடினார்கள். மூன்றாம் நாள் நானாகத்தான் குடாவைக் காட்டினேன். அதற்குள் காற்று இன்னும் ஏறிவிட்டது. குடாவுக்குள் தண்ணீர் கலங்கிச் சேறாகச் சுற்றியது. அடியில் கருவேல மரங்கள். தண்ணீர் வற்றிய வருசங்களில் முளைத்துக் காடாகி, பிறகு முங்கிப்போனவை. முங்கித் தேடிய ஆட்கள் முள் கிழித்த கையோடு மேலே வந்தார்கள். ஒன்றும் இல்லை.

இதற்குப் பிறகு எனக்கு வந்தது சாவை விட மோசம். கம்பத்திலிருந்து நாத்தனார் வந்து இறங்கினாள். வந்தவள் அழவில்லை.

"எங்கண்ணன் நீச்சத் தெரியாத ஆளா? முன்னால மலைக்கு ஏலத்தோட்ட வேலைக்குப் போனவரு ஆறு மாசம் எட்டிப் பாக்கலியே, மறந்துட்டியா? உன் வாய்க்குப் பயந்து மலையேறிட்டாரு. உசுரோட இருக்கவருக்கு நீ தாலியக் கழத்திராத, ஆமா!"

"பரிசலக் கவுத்துப்போட்டுட்டா மலையேறுவாரு?" என்றேன்.

"தேடக் கூடாதுன்னு நெனைக்கிற மனுசன் எதையும் கவுப்பாரு."

இந்தப் பேச்சு ஆண்டிபட்டிச் சந்தை வரை போனது. நான் மீன் கூடையோடு தெருவில் போனால், பூ வைத்திருந்தால் ஒரு பார்வை, வைக்காவிட்டால் ஒரு பார்வை. குங்குமத்தை விரலில் தொட்டுவிட்டுக் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டே இருப்பேன். வைத்தால் செத்தவருக்குச் செய்யும் அவமானம். வைக்காவிட்டால் இருப்பவருக்குச் செய்யும் துரோகம். என் புருசன் தண்ணீரில் போனாரா, என்னை விட்டுப் போனாரா? இந்த ஒன்று தெரிந்தால் போதும் என்று இருந்தது. யாருக்கும் தலை குனியாதவள் நான். அந்தக் கேள்விக்கு முன்னால் எனக்கு நிமிரத் தெரியவில்லை.

ஒருநாள் சாயாத் தம்ளரைக் கடக்கரையார் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டேன்.

"அண்ணே, அன்னைக்கு நான் பேசினத மனசுல வச்சிக்கிராதீக. அவரு குடாவுலதான் இருக்காரா?"

அவர் குச்சியைச் சுற்றினார். தூள் நிற்கும் வரை காத்திருந்தார்.

"பாக்கலியே தங்கச்சி."

"பாக்காட்டி என்ன, உங்களுக்குத் தெரியும்ல? ஒரு வார்த்தை சொல்லுங்க. நாத்தனாக்காரி வாய அடைக்கணும்."

"காத்தாலை மூஞ்சியத் திருப்பட்டும். ஐப்பசியில மேகாத்து சாஞ்சு கீழ்க்காத்து, கொண்டல் ஏறும். அந்தப் பத்து நாளும் நான் குடாவுலயே கெடக்கேன். கொடுத்தாக் கொண்டுவாரேன்."

புரட்டாசி முழுக்க நான் கணவாயையே பார்த்துக் கிடந்தேன். கடைசியில் ஒரு காலை, காற்றாலைகளில் பாதி மேற்கே பார்க்க, பாதி கிழக்கே பார்க்க, சில நிற்க, ஒன்றுக்கொன்று பேச்சு வார்த்தை இல்லாத வீடு மாதிரி இருந்தது. அன்றே அவர் பரிசலைக் குடாவுக்குள் கொண்டுபோய்விட்டார். விடிந்து போவார், பொழுது சாயத் திரும்புவார். நான் கரட்டின் அடியில் உட்கார்ந்திருப்பேன். தண்ணீர் சுற்றுவதை நிறுத்தியிருந்தது. ஓர் இலை போட்டால் இப்படிப் போகும், நிற்கும், அப்படிப் போகும். ஒரு செருப்பு மேலே வந்தது. வேறு யாருடையதோ. ஒரு பித்தளைக் குடம் வந்தது.

எட்டாம் நாள் எனக்கு மனசு விட்டுப்போனது. அவர் கரையேறியதும் அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டேன். அதுவரை யார் முன்னாலும் நான் அப்படி உட்கார்ந்தது இல்லை.

"முடியலண்ணே. செத்தாருன்னாச் சாகட்டும், ஓடினாருன்னா ஓடட்டும். இந்த நடுவுல என்னால நிக்க முடியலண்ணே."

அவர் துடுப்பைக் கீழே வைத்தார். பிறகு கேட்காமலே சொன்னார்.

"எங்க அண்ணன் இப்படித்தான் போனான். மாறுற நாள்ல நான் காத்துக் கெடந்தேன். அவன் துடுப்பு மட்டும் வந்துச்சு. ஆத்தா தெனமும் மத்தியானம் அவனுக்கு ஒரு வட்டில் வைக்கும். சாகுற வரைக்கும் வச்சிச்சு. 'பாத்தியா, ஏலே, அவன எங்கயும் பாத்தியா?'ன்னு கேக்கும். 'பாக்கல ஆத்தா'ன்னு சொல்வேன். யாராச்சும் அதுக்கு ஒரு பொய் சொல்லியிருக்கலாம். நான் சொல்லல."

ஒன்பதாம் நாள் மத்தியானமே திரும்பி வந்தார். கையில் ஈரமாக ஒரு பச்சை பெல்ட். இடுப்பு அகலத்துக்குப் பையெல்லாம் வைத்துத் தைத்தது; சந்தையில் கிடைக்கும் அதே மாதிரிதான் என் வீட்டுக்காரரும் கட்டியிருந்தார். கொட்டகை ஆட்கள் ஓடி வந்தார்கள். நாத்தனாரும் வந்து நின்றாள்.

"முள்ளுமரத்து மூட்டுல சிக்கியிருந்துச்சு. மத்தது... மத்தது எதுவும் எடுக்கிற மாதிரி இல்ல தங்கச்சி" என்றார். என் கண்ணைப் பார்க்கவில்லை.

பெல்ட்டைக் கையில் வாங்கினேன். என் வீட்டுக்காரர் ஒட்டிய வயிறு. கடையில் போட்ட ஓட்டை எதுவும் அவருக்குப் பத்தாது. அடுப்பில் ஆணியைச் சுடவைத்து, கடைசி ஓட்டைக்குப் பின்னால் கொஞ்சம் கோணலாக நானே ஓர் ஓட்டை போட்டுக் கொடுத்திருந்தேன். விரலால் தடவிக்கொண்டே போனேன். கடைசி ஓட்டை வந்தது. அதற்குப் பின்னால் வழுவழு என்று இருந்தது.

நிமிர்ந்தேன். அவர் இப்போது என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்கும் தெரிந்துவிட்டது. ஊர் என் வாயைப் பார்த்து நின்றது.

"அவருதுதான்" என்றேன்.

நாத்தனார் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அப்போதுதான் கதறினாள்.

வைக்கோலில் உருச் செய்து, அந்தப் பெல்ட்டைக் கட்டி, செய்ய வேண்டியதை முறையாகச் செய்தோம். தாலி கழற்றினார்கள். ஊர் வாய் அடங்கியது. பதினாறாம் நாளுக்கு முன்னால் ஒரு காலையில் கடக்கரையார் பையோடு கொட்டகைக்கு வந்தார். சாயா கொடுத்தேன். வாங்கினார். தம்ளரைத் தூக்கிப் பார்க்கவில்லை, குச்சியை எடுக்கவில்லை. தூளோடு ஒரே மடக்கில் குடித்துவிட்டுத் தம்ளரைக் கவிழ்த்து வைத்தார்.

"வாரேன் தங்கச்சி."

"எங்கண்ணே போறீக?"

"தண்ணி இல்லாத பக்கமா."

அவ்வளவுதான். அவர் வாழ்நாளில் சொன்ன ஒரே பொய் அது, அதை நான்தான் அவர் வாயிலிருந்து பிடுங்கினேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ ஆடி வந்து போனது. ஊர் வாய் அடங்கியதே தவிர, என் கேள்வி அடங்கவில்லை. காற்று சுவரில் அறையும்போதெல்லாம், குமுளி மலைக்கு மேலே எங்கோ ஒரு வீட்டில் ஒட்டிய வயிற்றுக்காரர் ஒருத்தர் பெல்ட்டை இறுக்குவது போலத் தோன்றும். காற்றாலை மூஞ்சியைத் திருப்பும் நாட்களில் கரட்டடியில் போய் உட்காருவேன். தண்ணீர் நிற்கும், தடுமாறும், திரும்பச் சுற்றும். எனக்கு ஒன்றும் கொடுத்ததில்லை.

இந்தச் சித்திரையில் குடா வற்றியது. அவர் போன பிறகு அது அடியோடு வற்றியது இதுதான் முதல் தடவை. கம்பை ஊன்றிக்கொண்டு வெடித்த சேற்றில் இறங்கி நடந்தேன். ஓரமெல்லாம் வெறும் பாளம். நடுவுக்குப் போகப் போகத்தான் சாமான்கள். ஒற்றைச் செருப்புகள், மண் நிறைந்த பாட்டில்கள், ஈயக்குண்டோடு வலைத் துண்டுகள், ஒரு சைக்கிள் சங்கிலி. யாரோ பெரிய தம்ளர் ஒன்றில் குச்சியை விட்டுச் சுற்றிவிட்டுப் போனது போல எல்லாம் வட்டமாகக் குமிந்து கிடந்தன. நட்ட நடுவில் ஒரு கருவேல மரத்து அடிமூடு. அதன் கவட்டில், சேற்றுக்குள் பாதி புதைந்து, ஒரு பெல்ட். பச்சை நிறம் போய்விட்டிருந்தது. நான் உட்கார்ந்து மண்ணைத் தள்ளினேன். கடைசி ஓட்டைக்குப் பின்னால், கோணலாக, ஆணி சுட்ட ஓட்டை. என் சுண்டுவிரல் அதற்குள் போனது.

மேற்கொண்டு மண்ணைக் கிளறினேன். அங்கே இருந்ததை எழுத மாட்டேன். சொல்ல வேண்டியவர்களுக்குச் சொன்னேன். அவர்கள் வந்து எழுதிக்கொண்டு போனார்கள். கடைசியில் என் கையில் ஒரு சின்ன மண்பானையைக் கொடுத்தார்கள்.

சுருளித் தீர்த்தத்தில் கரைக்கச் சொன்னாள் நாத்தனார். அவளுக்கும் வயதாகிவிட்டது, பேச்சில் பழைய முள் இல்லை. "வேணாம்" என்றேன். சுருளித் தண்ணீர் உருண்டு உருண்டு கடைசியில் இந்த அணைக்குத்தான் வரும். வந்தால் அதே குடாவுக்குப் போகும். மறுபடி ஒரு சுற்று அவருக்கு வேண்டாம்.

ராமேஸ்வரத்துக்கு பஸ் ஏறினோம். கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவரிடம் கடக்கரையாரைப் பற்றி விசாரித்தேன். அணைப் பக்கம் மீன் பிடிக்க வந்தவர், கறுத்த ஆள், தண்ணீரைப் பற்றி எதைக் கேட்டாலும் பாக்கலியே என்பார்.

"பேரு என்னம்மா?"

எனக்குத் தெரியவில்லை. அத்தனை சாயா கொடுத்திருக்கிறேன், ஒருநாளும் பெயரைக் கேட்டதில்லை.

"எந்த ஊரு?"

அதுவும் தெரியவில்லை. அந்த ஆள் சிரித்துவிட்டு வலையைக் குனிந்து பார்த்தார். "இந்தக் கரையில எம்புட்டோ ஊரு இருக்கும்மா."

கடலில் இடுப்பளவு இறங்கினேன். பானையைக் கவிழ்த்தேன். மேலே போட்ட பூ காற்றோடு ஒரு பக்கம் போனது. கனத்தது கீழே இறங்கியது. நாத்தனார் கரையிலிருந்து, "மதினி, போதும், ஏறி வாங்க!" என்று கத்தினாள். நான் பூவைப் பார்க்கவில்லை. அது போகாத பக்கமாகத் திரும்பி நின்று, வாய்விட்டுச் சொன்னேன்.

"நீங்க சொன்னது பொய் இல்லண்ணே. முந்திச் சொல்லிட்டீக, அம்புட்டுத்தான்."